இருட்டில் ஏழு காலடி

நாலு மணிக்கு டெய்லர் அக்காவை நாடகக் குழுவிலிருந்து நீக்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தபோது காலை மணி பத்தேகால். என் கையில் இருந்தவை மூன்று: ஐந்தே முக்கால் மணி நேரம், ஒரு நோட்டு, ஒரு ஃபியூஸ். கடைசியாகச் சொன்னது ஒரு மனிதன்.

"ஞாயிற்றுக்கிழமை அதுவுமா யாராவது கல்லூரிக்கு வருவாங்களா?" என்றபடி அரங்கத்தின் பின்கதவைத் தோளால் தள்ளினான் ஃபியூஸ். "திங்கட்கிழமைக்கே நான் வர்றதில்ல."

மாலைக் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. பகலில் அவன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறான். நாடகத்தில் விளக்குப் பொறுப்பு அவனுடையது. முதல் ஒத்திகையன்று கல்லூரி முழுவதையும் இருட்டாக்கி அந்தப் பெயரைச் சம்பாதித்தான். நான் மேடைப் பொறுப்பாளர். எந்த விளக்கு எப்போது அணையும், எந்த நாற்காலி எங்கே நிற்கும், யார் எந்தப் பக்கம் வெளியேறுவார் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். அதனால் என் பெயரும் நோட்டு. போன மாதம் காணாமல் போன வாளை நான்தான் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து என்னைத் துப்பறிகிறவள் என்று எல்லாரும் நம்புகிறார்கள், என்னைத் தவிர.

அரங்கத்துக்கு வெளியே பெஞ்சில் டெய்லர் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஊசிப் பெட்டி. இரண்டு நாளாக உள்ளே போக அவருக்கு அனுமதி இல்லை.

"தையல் விட்டுப்போச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன்" என்றார் அக்கா. "பட்டன் மாறிப்போச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன். நாடாவை ஒட்டவே இல்லைன்னா எப்படிம்மா ஒத்துக்கறது? பதினொரு வருஷமா ஒட்டற கை இது."

"டிரைவர் அண்ணன் பொய் சொல்றாருன்னு நினைக்கறீங்களாக்கா?"

அக்கா ஊசிப் பெட்டியை மூடினார். "அவர் பொய் சொல்ற ஆளு இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு. நெத்தியில ஆறு தையலோட ஒரு மனுஷன் சொல்றப்போ, ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோன்னு தோணுது. ரெண்டு நாளா தூக்கமில்ல."

எனக்கும்தான் தூக்கமில்லை. ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். மேடைமேல் மூன்றடி உயரத்தில் நீளமான மரத்தளம் ஒன்று போட்டிருக்கிறோம். அதை லெவல் என்போம். கதைப்படி அது கப்பலின் மேல்தளம். அதன் ஒரு முனையில் மூன்று படிகள். இரண்டாம் காட்சி முடிவில் கப்பல் தலைவன் தன் நாற்காலியிலிருந்து எழுவான், விளக்குகள் அணையும், பன்னிரண்டு விநாடி முழு இருட்டு. அதற்குள் நடிகர்கள் படியிறங்கி மறைந்துவிட வேண்டும். இருட்டில் வழி காட்ட லெவலின் விளிம்பிலும் படிகளிலும் ஒளிரும் நாடா ஒட்டுவது, உடை தைக்கும் டெய்லர் அக்காவின் வேலை. வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் பச்சையாக ஒளிரும் நாடா அது. வெள்ளிக்கிழமை முழு ஒத்திகையில், கப்பல் தலைவனாக நடிக்கும் டிரைவர் அண்ணன் அந்தப் படிகளில் உருண்டு விழுந்தார். நெற்றி கிழிந்தது. இடது மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

"நாடாவே இல்ல. ஒரு பச்சைப் பொட்டுகூட இல்ல" என்றார், ரத்தத்தைத் துடைக்க விட்டுக்கொண்டே. நாடகத்தை இயக்கும் பேராசிரியர் படிகளருகே போனார். பார்த்தால், நாடா இருந்தது.

"குழப்பத்துல யாரோ அவசரமா ஒட்டியிருக்காங்க" என்றார் பேராசிரியர். யாரோ என்று சொல்லும்போது அவர் பார்த்தது அக்காவை.

நாங்கள் லெவல்மேல் ஏறி நின்றோம். ஃபியூஸ் விளக்குகளை அணைத்தான். இருட்டில் மூன்று பச்சைக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. படி எங்கே என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

"என் பாட்டுக்கு நான் டான்ஸ் ஆடிட்டே இறங்குவேன்" என்றது ஃபியூஸின் குரல்.

"பேசாம இரு. நான் யோசிக்கறேன்."

"சத்தமே வரலையே. யோசிக்கறியா தூங்கறியான்னு எப்படித் தெரியும்?"

விளக்கைப் போடச் சொல்லி நோட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கம். ஒத்திகையில் யார் எப்போது வெளியேறினார்கள் என்று நேர வரிசையில் எழுதியிருந்தேன். ஒரு வரியில் விரல் நின்றது. 'மாலுமிப் பெண்: தட்டு, ஆறு கண்ணாடி டம்ளர். படிவழி வெளியேற்றம். சேதம் இல்லை.'

"ஃபியூஸ், மாலுமியா நடிக்கிற பொண்ணு அதே இருட்டுல அண்ணனுக்கு முன்னாடி இறங்கியிருக்கா. கையில தட்டு. ஆறு டம்ளர். ஒண்ணுகூட உடையல."

"அவ சேர்ந்தே பத்து நாள்தான் ஆகுது. வெளிச்சத்துலயே தடுக்கி விழற கேஸ்."

"அப்போ நாடா ஒளிர்ந்திருக்கு. அதைப் பார்த்துத்தான் இறங்கியிருக்கா."

"முடிஞ்சது. சார்கிட்ட சொல்லிட்டு டீ குடிக்கலாம்."

"முடியல. அவ டெய்லர் அக்காவோட நாத்தனார் பொண்ணு. சார் நம்புவாரா?"

ஃபியூஸ் தலையைச் சொறிந்தான். "நம்ம குழுவுல யாரும் யாருக்கும் சொந்தமில்லாம இருக்க மாட்டாங்களா?"

நோட்டில் மற்ற வரிகளையும் பார்த்தேன். பிற்பகல் மூன்று: திரைக்கயிறு சரி. மூன்று நாற்பது: புது விளக்கு, நாற்காலி சரி. நாலு: நாடா சரி. எல்லாம் சரி, சரி, சரி; பழக்கத்தில் எழுதியது என்று சார் இதை அன்றே ஒதுக்கிவிட்டார். என் கையெழுத்து என்னைவிடத் தைரியமாக இருக்கும்.

"ஒருவேளை அண்ணன் வேணும்னே சொல்றாரோ?" என்றான் ஃபியூஸ். "தன்னோட கோட்டு இறுக்குதுன்னு அவர் சொன்னப்போ அக்கா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? 'துணி பத்தலைன்னா வாங்கலாம், தொப்பையை நான் என்ன பண்றது?' ஊரே சிரிச்சுது."

"அதுக்காக ஒருத்தர் தன் நெத்தியைக் கிழிச்சுக்குவாரா?"

"என் மாமா ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரனைக் கடுப்பேத்த தன் வீட்டு ஜன்னலைத் தானே உடைச்சாரு."

"சரி. அவரையே பார்த்துடலாம்."

*

டிரைவர் அண்ணன் பள்ளி வேன் ஓட்டுகிறார். தினமும் காலையும் மாலையும் பதினாறு பிள்ளைகள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக ஒத்திகைக்கு வருவார். பக்கத்து இருக்கையில் எப்போதும் அண்ணி இருப்பார். "கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் தேன்நிலவு முடியல" என்று ஃபியூஸ் கேலி செய்வான். அண்ணன் சிரித்துக்கொண்டு அவன் தோளில் கை போட்டபடி அரங்கத்துக்குள் நடந்து வருவார்.

தரைத்தளத்தில் வீடு. வாசலில் வேன் நின்றது. வாசற்படி விளிம்புகளில் அகலமாக வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தது. பகல் பன்னிரண்டரை மணிக்கு நடையில் குழல்விளக்கு எரிந்தது. துடித்துத் துடித்து எரிந்தது.

"வாங்க" என்றார் அண்ணி. அவர் குரலில் வாசலை அடைக்கிற ஏதோ ஒன்று இருந்தது. "அவர் படுத்திருக்கார். ரொம்ப நேரம் பேச வைக்காதீங்க."

உள்ளறையில் ஜன்னல் இல்லை. இரண்டு விளக்குகள் எரிந்தன. அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"உட்காருங்கண்ணா. எப்படி இருக்கு?"

"விரல் எல்லாம் ஆடுதும்மா. நாளைக்கு வண்டி எடுத்துடுவேன். பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்குமே."

வழியில் மூன்று கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். முதல் கேள்வியைக் கேட்டேன். நாடா இல்லை என்றார். இரண்டாவதைக் கேட்டேன். நிச்சயமாக இல்லை என்றார். மூன்றாவதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கட்டிலருகே கிடந்த அவருடைய வசன நோட்டைப் புரட்டினேன். வசனங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் எண்கள். 3. 5. 7. அடிக்கோடிட்ட 7. மனப்பாடம் செய்ய வரிகளை எண்ணியிருப்பார் என்று நினைத்தேன். இரண்டு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

"அண்ணி, அந்த ட்யூப்லைட் கண்ணடிச்சுக்கிட்டே இருக்கே" என்றான் ஃபியூஸ். "யாரைப் பார்த்துன்னு தெரியல. சரி பண்ணிடட்டுமா? வயர் வரைக்கும் பார்க்கணும், மெயினை ரெண்டு நிமிஷம் நிறுத்தணும்."

"வேண்டாம்ப்பா, அப்புறம்..." என்று அண்ணி ஆரம்பிப்பதற்குள் அவன் நடைக்குப் போய்விட்டான். ஃபியூஸுக்கு வீடு என்றால் மெயின் சுவிட்சு. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய சுவர்.

விளக்குகள் அணைந்தன. ஜன்னலில்லாத அறை அப்படியே இருண்டது.

நடையில் எதையோ கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாசற்பக்கமிருந்து ஒரு மீசை வந்தது. பச்சையாக ஒளிர்கிற, காதுவரை முறுக்கிய மீசை. ஆள் இல்லை, மீசை மட்டும். அதற்குமேல் இரண்டு பச்சைப் புருவங்கள் ஏறி இறங்கின. அரங்கத்திலிருந்து நாடாச் சுருளை எடுத்து வந்து, செல்போன் விளக்கில் காட்டி, முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

"யாரங்கே! இந்த வீட்டின் கரண்டைக் கைது செய்தோம்!" என்றது மீசை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை இறுக்கத்தோடு இருந்த அண்ணியும் தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

"என்னடி சிரிக்கிற?" என்றார் அண்ணன்.

அண்ணியின் சிரிப்பு நடுவிலேயே நின்றது.

மீசை அவர் முகத்துக்கு நேராக இரண்டடி தூரத்தில் இருந்தது. எனக்கு அந்த வெளிச்சத்தில் ஃபியூஸின் பல்கூடத் தெரிந்தது.

"எதுக்கும்மா ரெண்டு பேரும் சிரிக்கறீங்க? தம்பி என்ன பண்றான்?"

மீசை மெல்லக் கீழே இறங்கியது. அவன் அதைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஃபியூஸ், லைட்டைப் போடு" என்றேன்.

*

வெளிச்சம் வந்தபோது அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி சுவரில் சாய்ந்து நின்றார்.

"ரெண்டு வருஷமாச்சு" என்றார் அண்ணி. "பகல்ல ஒண்ணுமில்ல, நல்லாத் தெரியும். வெளிச்சம் குறைஞ்சா போச்சு. டாக்டர்கிட்ட போனோம். கண்ணுக்குள்ள இருக்கற திரை கெட்டுக்கிட்டு வருதாம். மருந்து இல்லைன்னுட்டார்."

"மேடையில எப்படிண்ணா சமாளிச்சீங்க?"

"எண்ணுவேன்" என்றார் அண்ணன். "நாற்காலியிலேர்ந்து படி ஏழு காலடி. ஏழு நடந்து, எட்டாவதுக்குக் காலைக் கீழே விடணும். மூணு வாரமா ஒரு தடவைகூடத் தப்பல. நாடாவை ஒரு நாளும் நான் பார்த்ததே இல்லம்மா. விழுந்ததும் எல்லாரும் நாடா, நாடான்னு கத்தினீங்க. இல்லைன்னுட்டேன். எனக்கு இல்லைதானே?"

அது பொய்யா என்று யோசித்துப் பார்த்தேன். முழுப்பொய்யும் இல்லை.

"டெய்லர் அக்கா பேர் கெடும்னு தோணலையாண்ணா?"

"தோணுச்சு. வேன் சாவி போயிடும்னும் தோணுச்சு. ரெண்டையும் நிறுத்துப் பார்த்தேன்." அவர் நிமிரவில்லை. "என் சாவிதான் கனமா இருந்துச்சு."

"ஒண்ணு மட்டும் புரியல" என்றேன். "மூணு வாரமா தப்பாத கணக்கு வெள்ளிக்கிழமை ஏன் தப்புச்சு?"

"அதான் எனக்கும் புரியல. ஏழு எண்ணி வெச்சிருந்தேன். ஆறாவது காலடியிலேயே தரையைக் காணோம்."

நோட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பது. 'புது விளக்கு, நாற்காலி சரி' என்ற வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் விவரம் எழுதியிருந்தேன். நான் எப்போதும் விவரம் எழுதுவேன்.

'தலைவன் நாற்காலி இரண்டு காலடி படிப்பக்கமாக நகர்த்தப்பட்டது. முகத்தில் நிழல் விழாமல் இருக்க. நாற்காலிக் கால்களுக்குப் புதிய நாடா. நடிகர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.'

வாய்விட்டுப் படித்தேன். கடைசி வரியை மறுபடியும் படித்தேன். மேடைக்குப் பின்னால் எங்கள் வழக்கம் அது. பொருளை நகர்த்தினால் நாடாவை நகர்த்து; நாடா சொல்லும், வாய் சொல்ல வேண்டியதில்லை.

ஃபியூஸ் கையிலிருந்த மீசையைப் பார்த்தான். "நிழல் விழுதுன்னு சொன்னது நான்தான், நோட்டு. என் புது விளக்குல அண்ணன் மூஞ்சி ராஜா மாதிரி தெரியணும்னு சொன்னேன்." அவனிடமிருந்து அடுத்து ஒரு ஜோக் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இரண்டு நாளாகக் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என் கையெழுத்தில் இருந்தாள்.

"நாற்காலி நகர்ந்ததுன்னு மட்டும் சொல்லும்மா" என்றார் அண்ணி. "இவரும் வருவார். நாடா இருந்திருக்கும், நான்தான் பதட்டத்துல கவனிக்கலைன்னு சொல்லிடுவார். டெய்லர் அக்காவும் பொழைச்சுக்குவாங்க. கண்ணைப் பத்தி மட்டும் வேண்டாம். ராத்திரியில இவர் வண்டியைத் தொடறதே இல்ல."

யோசித்தேன். அக்கா தப்பிப்பார். பழி எனக்கு வரும், அது நியாயம். அண்ணன் பிழைப்பும் போகாது. எல்லாம் பொருந்தி வந்தது. எல்லாம் பொருந்தி வந்தால் எனக்குப் பயம் வரும். ஆனாலும் தலையாட்டினேன்.

*

மூன்றேகாலுக்குக் கிளம்பினோம். நல்ல வெயில். அண்ணன்தான் ஓட்டினார். பக்கத்தில் அண்ணி. பின்னால் பிள்ளைகள் உட்காரும் குட்டையான இருக்கைகளில் நானும் ஃபியூஸும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். அவர் நிதானமாக, அழகாக ஓட்டினார். கையில் கட்டு இருந்தும் ஒரு குலுக்கல் இல்லை. நான் செய்தது சரிதான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ரயில் பாலத்துக்கு அடியில் சாலை தாழ்ந்து போகும். அதற்குள் எப்போதும் அரை இருட்டு. வண்டி வெயிலிலிருந்து அதற்குள் இறங்கியது.

"நேரா" என்றார் அண்ணி.

குரலை உயர்த்தவில்லை. வீட்டில் உப்பு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்.

"நேரா. நேரா. லாரி நிக்குது, வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்குங்க. போதும். சைக்கிள் ஒண்ணு, மெதுவா. நேரா."

எண்ணினேன். அது என் பழக்கம். பன்னிரண்டு விநாடி. பிறகு வெயில் வந்தது. அண்ணி வாயை மூடிக்கொண்டார். இப்படி ஒன்று நடந்தது என்பதே அவர்கள் இருவருக்கும் தெரியாது போலிருந்தது. அத்தனை பழக்கம்.

ஃபியூஸ் என் மணிக்கட்டைப் பிடித்தான். "நோட்டு, சாயங்காலம் பிள்ளைங்களை எத்தனை மணிக்கு இறக்குவார்?" என்று காதோடு கேட்டான்.

தனி வகுப்பு முடிந்து ஐந்தே முக்காலுக்குப் பள்ளியில் ஏற்றுவார். கடைசிப் பிள்ளை இறங்க ஆறே முக்கால். இந்த மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஒரு மணி நேரம். அதில் எத்தனை பன்னிரண்டு விநாடி என்று என் தலை கணக்குப் போடத் தொடங்கியது. அந்தக் கணக்கை நிறுத்தப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

வண்டி திரும்பியபோது இருக்கைக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து என் காலில் முட்டியது. சிவப்பு மூடி போட்ட குட்டித் தண்ணீர் பாட்டில். அதை எடுத்துக்கொண்டேன்.

அரங்கத்து வாசலில் இறங்கியதும் அண்ணன் முன்னால் போய் நின்றேன். "அண்ணா, பாலத்துக்கு அடியில நடந்ததைப் பார்த்தேன்."

அவர் சாவிக்கொத்தைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"உள்ள நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"வீட்டுல ஒத்துக்கிட்டியே!" என்றார் அண்ணி வேனுக்குள்ளிருந்து. "எங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டு நீ நிம்மதியா படிச்சுப் பாஸ் பண்ணிடுவியா?"

"தெரியல அண்ணி" என்றேன். அது உண்மை.

*

மூன்று ஐம்பத்தைந்து. பேராசிரியர் முதல் வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். குழுவில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். டெய்லர் அக்கா கடைசி வரிசையில், ஊசிப் பெட்டியோடு.

"சார்" என்றேன். "வெள்ளிக்கிழமை நாற்காலியை நகர்த்தினது நான். நடிகர்களுக்குச் சொல்லல. தப்பு என்னோடது."

"நாற்காலி நகர்ந்தா என்ன? நாடா இருந்திருந்தா பார்த்துப் போயிருப்பாரே" என்றார் பேராசிரியர். "கேள்வி நாடாவைப் பத்தி."

எனக்குப் பின்னால் மரத்தளம் கிறீச்சிட்டது. டிரைவர் அண்ணன் படியேறி லெவல்மேல் போயிருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமை நின்ற அதே இடத்தில் நின்றார்.

"தம்பி, விளக்கை அணை."

ஃபியூஸ் என்னைப் பார்த்தான். அணைத்தான்.

பச்சைக் கோடுகள் எழுந்து வந்தன. லெவலின் விளிம்பில், படிகளில், நாற்காலிக் கால்களுக்கு அடியில். அக்காவின் கை ஒட்டிய கோடுகள், ஒன்றுகூடக் கோணலில்லை.

"சார், உங்களுக்கு என்ன தெரியுது?"

"கோடு தெரியுது. படி மூணும் தெரியுது. என்னப்பா இது?"

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்." இருட்டில் அவர் குரல் நாடகத்தில் வருவதைவிடச் சின்னதாக இருந்தது. "வெள்ளிக்கிழமையும் தெரியல. அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் தெரியல. அக்கா ஒட்டியிருந்தாங்க. இருந்ததைத்தான் நான் இல்லைன்னு சொல்லிட்டேன். அக்கா, இங்கதான் எங்கயோ இருக்கீங்க. எந்தப் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேக்கறதுன்னுகூடத் தெரியல."

பிறகு கடைசி வரிசையில் ஊசிப் பெட்டி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நடுவழியாக வந்து மேடையேறியது. பச்சைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து மறைந்து தெரிந்தன. யாரோ படியேறிக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியே நில்லுங்கண்ணே" என்றார் டெய்லர் அக்கா. "இதோ, கையைக் குடுங்க. அந்தக் கை இல்ல, கட்டு இல்லாத கை. வாங்க." நான்கைந்து காலடிகள் சேர்ந்து நடந்தன. "எண்ணாதீங்க. நான் சொல்றேன்."

விளக்கைப் போடச் சொல்ல வேண்டியது நான். அவர்கள் கீழே வந்து சேரும்வரை எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவை நாளைக்கு ஒத்திகைக்கு வரச் சொன்னார். பள்ளியில் தானே பேசுவதாக அண்ணனிடம் சொன்னார். அண்ணன் என்னிடம் வந்து சாவிக்கொத்தை நீட்டினார். "இதை அவகிட்ட குடுத்துடும்மா. எனக்குத் துணிச்சல் இல்ல."

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அண்ணி வேனிலேயே இருந்தார். பக்கத்து இருக்கையில், சாலையைப் பார்த்தபடி.

"சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார் அண்ணி."

சாவியை அவர் வாங்கவில்லை. என் மறு கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"சிவப்பு மூடி. ரெண்டாவது ஸ்டாப்புல இறங்கற பொண்ணு. தினமும் மறந்துடுவா." பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு யாரோ புதுசா ஓட்ட வருவாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? ரெண்டாவது ஸ்டாப்புல இடப்பக்கம் பள்ளம் இருக்கு. அஞ்சாவது வீட்டுப் பையன் வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே எழுந்துடுவான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"நோட்டு வெச்சிருக்கியே. எழுதிக்கோ."

நான் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். அவர் பள்ளி வாசலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு திருப்பம், ஒவ்வொரு பள்ளம், ஒவ்வொரு பிள்ளை. பதினாறும் முடிந்தபோது எழுத்து மங்கத் தொடங்கியிருந்தது. வெளிச்சம் போவதற்குள், எழுதியதை முதல் வரியிலிருந்து அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன்.